இளவறுவலும் கருவறுவலும்: வீட்டில் வறுத்த காப்பியைக் கலப்பது எப்படி?

வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுக்கத் தொடங்கியவர்களுக்குச் சில வாரங்களுக்குள் எழும் கேள்வி ஒன்று உண்டு. லேசாக வறுத்தது ஒரு டப்பாவிலும், கருக வறுத்தது இன்னொரு டப்பாவிலும் இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் என்ன? கடைகளில் லைட் ரோஸ்ட், டார்க் ரோஸ்ட் என்று சொல்லப்படும் இவ்விரண்டையும் இக்கட்டுரையில் இளவறுவல், கருவறுவல் என்றே குறிப்பிடுகிறேன்.

பாதிக்குப் பாதி கலந்தால் நடுத்தர வறுவல் கிடைத்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் முதலில் எண்ணுகின்றனர். அது அப்படி அமையாது. நடுத்தரமாக வறுத்த கொட்டையில் இளவறுவலுக்கு உரிய புளிப்பும் பழமணமும் ஓரளவு அழிந்திருக்கும். கருவறுவலுக்கு உரிய கசப்பும் கனமும் இன்னும் முழுதாகப் பிறந்திருக்காது. கலவையிலோ இரண்டு முனைகளும் அப்படியே நிற்கின்றன. ஒரே மிடற்றில் முதலில் புளிப்பும் அதன் பின்னால் கசப்பும் தனித்தனியே தெரிகின்றன. நடுத்தர வறுவல்தான் தேவையென்றால் கொட்டையை நடுத்தரமாக வறுத்துவிடலாம். ஒற்றை வறுவலால் தரமுடியாத ஒன்று வேண்டும்போதுதான் கலவைக்கு வேலை வருகிறது. தொடங்குபவர் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

இக்கட்டுரை இராமநாதபுரம் கடற்கரையில் வறுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. இங்கே காப்பி விளைவதில்லை. பச்சைக்கொட்டை ஏற்காட்டிலிருந்தோ, கீழ்ப்பழனி மலைகளிலிருந்தோ, வால்பாறை, நீலகிரி, குடகு, சிக்மகளூர்ப் பகுதிகளிலிருந்தோதான் வந்துசேர வேண்டும். ஆனால் வறுக்கும் இடத்துக்கும் கலவையில் பங்கு உண்டு. தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன் வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் உள்ள வீடுகளில் காற்றும், உப்பு ஈரமும், தண்ணீரின் உவர்ப்பும் கலவையின் சுவையை மாற்றக்கூடியவை. மலையோரத்து ஊர்க்காரர் சொல்லும் அளவுகளை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் பல நேரங்களில் ஏமாற்றமே மிஞ்சும்.

வறுக்கும்போது நடப்பது

பச்சைக்கொட்டையில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கிறது. அடுப்பில் ஏற்றியதும் முதல் சில நிமிடங்கள் அந்த ஈரத்தை வெளியேற்றுவதிலேயே கழிகின்றன. கொட்டையின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பச்சை நிறம் மாறி மஞ்சள் படர்கிறது. புல் வாடை போய்ச் சுட்ட ரொட்டியின் வாசனை எழுகிறது. அதன்பின் பழுப்பு ஏறி, ஏறத்தாழ 196 முதல் 205 டிகிரிக்குள் கொட்டைக்குள் சேர்ந்த நீராவியும் வாயுவும் அதைப் பிளக்கின்றன. இதுவே முதல் வெடிப்பு. ஓசை உரக்க, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கும். இந்த வெடிப்பு ஓயும் தறுவாயில் இறக்கினால் இளவறுவல். தொடர்ந்து சூடேற்றினால் சற்று நேர அமைதிக்குப் பிறகு, 225 டிகிரியை ஒட்டி, தாளிப்பில் கடுகு பொரிவது போன்ற மெல்லிய, விரைந்த ஓசை தொடங்கும். அது இரண்டாம் வெடிப்பு. அதன் தொடக்கத்தில் இறக்கினால் கருவறுவல். அதையும் தாண்டி விட்டால் கொட்டையின் மேல் எண்ணெய் கசிந்து பளபளக்கும். இன்னும் விட்டால் மிஞ்சுவது கரிதான்.

இந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையே கொட்டைக்குள் நடப்பதுதான் கலவையின் அடிப்படை. காப்பியின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சூடு ஏற ஏறச் சிதைகின்றன. குளோரோஜெனிக் அமிலமும் சிதைந்து, முதலில் மிதமான கசப்புள்ள பொருள்களாகவும், பிறகு நாக்கில் ஒட்டி நிற்கும் கடுங்கசப்புள்ள பொருள்களாகவும் மாறுகிறது. சர்க்கரை கருகி நிறத்தையும் ஆழ்ந்த மணத்தையும் தருகிறது. கொட்டையின் திசு விரிந்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. தண்ணீரில் அதன் சாறு எளிதாக இறங்குகிறது. காஃபீன் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கறுப்பாக இருக்கும் காப்பிதான் தூக்கத்தை அதிகம் விரட்டும் என்பது பரவலான நம்பிக்கை; அதில் உண்மை குறைவு. காஃபீனின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொட்டையின் இனமே. அராபிகாவில் அது எடையில் சுமார் 1.2 விழுக்காடு, ராபஸ்டாவில் ஏறத்தாழ அதன் இருமடங்கு.

ஆகவே இளவறுவல் கலவைக்குக் கொண்டுவருவது புளிப்பு, பூமணம், பழமணம், கொட்டை விளைந்த இடத்தின் தனித்தன்மை ஆகியவை. கருவறுவல் கொண்டுவருவது கனம், கசப்பு, சாக்லேட்டை நினைவூட்டும் ஆழம், பாலைத் தாண்டி நிற்கும் வலு ஆகியவை.

எது எதை அடக்கும்

இரண்டும் சமபலம் உள்ளவை அல்ல. இதைப் பெரும்பாலான விளக்கங்கள் விட்டுவிடுகின்றன. தொடங்குபவர் தடுமாறுவதோ பெரும்பாலும் இங்கேதான். இளவறுவல் காப்பியில் பத்தில் ஒரு பங்கு கருவறுவலைச் சேர்த்தாலும் அதன் புகைச்சுவை உடனே தெரிந்துவிடும். கருவறுவலில் பத்தில் ஒரு பங்கு இளவறுவலைச் சேர்த்தால், பால் ஊற்றிய பிறகு அது இருக்கிறதா என்பதே தெரியாது. கசப்பும் புகையும் மெல்லிய மணங்களை மூடிவிடுகின்றன. பாலின் புரதமும் கொழுப்பும் புளிப்பை மழுக்கிவிடுகின்றன. அதனால் இளவறுவல் பின்னணியில் நிற்க வேண்டுமானாலும் அதற்குக் கணிசமான பங்கு கொடுத்தாக வேண்டும். கருவறுவலை முன்னே நிறுத்தச் சிறு பங்கே போதும்.

பால் ஊற்றிக் குடிக்கும் பில்டர் காப்பிக்கு எடையில் 70 பங்கு கருவறுவல், 30 பங்கு இளவறுவல் என்று தொடங்குவது என் கணிப்பில் நல்லது. இதில் முதல் மிடறு வழக்கமான டிகிரி காப்பி போலவே இருக்கும். விழுங்கிய பின் நாக்கின் ஓரத்தில் ஒரு தெளிவு தெரியும். அந்தத் தெளிவு பிடிக்காதவர்கள் உண்டு. புளிப்பு என்றாலே கெட்டுப்போனது என்று எண்ணிப் பழகிய நாக்குக்கு 20 பங்குகூட மிகையாகப் படலாம். பாலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இளவறுவல் மிகுந்த டிகாக்‌ஷனை, வெயில் காலத்தில் நெடுநேரம் வெளியே இருந்த பாலில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் பால் திரிவதற்கு வாய்ப்பு உண்டு. பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருந்தால் காப்பியின் சிறு புளிப்பே அதைத் திரிக்கப் போதும்.

வரக்காப்பிக்குக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே பால் இல்லாததால் கருவறுவலின் கசப்பைத் தணிக்க எதுவும் இல்லை. 60 பங்கு இளவறுவலும் 40 பங்கு கருவறுவலும் சேர்ந்தால் குடிக்க இதமாக இருக்கும். புளிப்புக்குப் பழகியவர்கள் 80க்கு 20 வரைகூடப் போகலாம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி சேர்த்துக் குடிப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கருப்பட்டியிலேயே புகையும் கருகிய சர்க்கரையின் சுவையும் இருக்கின்றன. முழுக் கருவறுவலில் அதைப் போட்டால் ஒரே சுவை இரண்டு முறை வந்து காப்பி மந்தமாகிவிடுகிறது. இளவறுவல் மிகுந்த கலவையில் போட்டால் கருப்பட்டி தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கருப்பட்டிக் காப்பியைச் சுக்கு போட்டுக் கடுங்கறுப்பாகக் குடிப்பதே சரி என்று சொல்லும் பெரியவர்களிடம் இதை வாதிட்டு வெல்ல முடியாது, வாதிடவும் வேண்டியதில்லை.

காற்றும் கரியும்

எந்தக் கொட்டையை வைத்துத் தொடங்குவது? ஒரே கொட்டையை இரண்டு விதமாக வறுத்துக் கலப்பதுதான் கற்பதற்கு ஏற்ற வழி. பிளாண்டேஷன் ஏ எனப்படும் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவை ஒரு கிலோ வாங்கி, பாதியை இளவறுவலாகவும் பாதியைக் கருவறுவலாகவும் வறுத்தால், கலவையில் தெரியும் வேறுபாடு முழுவதும் வறுவலால் வந்தது என்பது உறுதி. இது கைவந்த பிறகு, கருவறுவலுக்கு ராபஸ்டாவையும் இளவறுவலுக்கு அராபிகாவையும் பயன்படுத்தலாம். ராபஸ்டாவை இளவறுவலாக வறுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் தானிய வாடையும் துவர்ப்பும் மேலோங்கி நிற்கும்.

வறுக்கும்போதே இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு, பாதியில் கொஞ்சத்தை அள்ளிவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அள்ளிய நொடியில் சட்டியில் மிஞ்சும் கொட்டை குறைந்து, சூடு திடீரென ஏறி, எஞ்சியது தீய்ந்துவிடும். இரண்டு தனித்தனி ஈடுகளாக வறுப்பதே முறை.

வீட்டு அளவுக்கு அடிகனமான இரும்பு வாணலியில் 200 கிராம் கொட்டை போதும். மிதமான தீயில், துடுப்பை நிறுத்தாமல் கிளறினால் முதல் வெடிப்பு வர ஏறத்தாழ 12 முதல் 15 நிமிடம் ஆகும். அதைவிட மிக விரைவாக வந்தால் வெளித்தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இளவறுவலில்தான் இந்தக் குறை அதிகம் நேர்கிறது. ஆறிய கொட்டை ஒன்றைக் கடித்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். சரியாக வறுபட்டது பல்லில் படீரென உடையும். வேகாதது ரப்பர்போல் அமுங்கிக் கொடுக்கும், பச்சைப் பயறின் வாடையும் வரும். இன்னொரு சோதனையும் உண்டு. கொட்டையை இரண்டாகப் பிளந்து, வெளிப்புறத்தின் நிறத்தையும் உட்புறத்தின் நிறத்தையும் ஒப்பிட வேண்டும். உட்புறம் மிகவும் வெளுத்திருந்தால் அது வேகவில்லை. வேகாத கொட்டையின் துவர்ப்பைக் கலவையில் எவ்வளவு கருவறுவல் சேர்த்தும் மறைக்க முடியாது.

இந்தக் கடற்கரையில் வறுப்பவருக்கு முதல் எதிரி காற்று. கருவறுவல் நிறையப் புகையைக் கிளப்புவதால் அதை வீட்டுக்குள் வறுப்பது சிரமம். முற்றத்துக்குக் கொண்டுபோனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தீ ஒருபுறமாகச் சாய்ந்து, வாணலியின் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் தீய்ந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, காற்றின் இரைச்சலில் இரண்டாம் வெடிப்பின் மெல்லிய ஓசை காதில் விழாமல் போவது. கடற்காற்று வலுப்பதற்கு முன், விடிந்த சற்று நேரத்துக்குள், காற்று படாத சுவரோரத்தில் வறுத்து முடித்துவிடுவது நல்லது. ஓசை கேட்கவில்லையென்றால் கண்ணையும் மூக்கையும் நம்ப வேண்டும்: புகை வெண்மையிலிருந்து நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறி மூக்கைக் குத்தத் தொடங்குவதும், கொட்டையின் மேல் ஊசிமுனை அளவில் எண்ணெய்ப் புள்ளிகள் தோன்றுவதும் இரண்டாம் வெடிப்பு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

சீமைக்கருவேலங்கரி இந்த மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பதால் கரியடுப்பில் வறுக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. கரியின் சூடு நின்று எரிவது. கருவறுவலுக்கு அது ஏற்றது. ஆனால் முதல் வெடிப்பு ஓயும்போது சூட்டைச் சட்டெனக் குறைக்க வேண்டிய இளவறுவலுக்கு அது ஒத்துவராது. தணலைத் திருகிக் குறைக்க வழியில்லை, வாணலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இளவறுவலைக் கேஸ் அடுப்பிலும் கருவறுவலைக் கரியிலும் வறுப்பது என் விருப்பம். கரி முழுதும் கனன்று, புகை அடங்கிய பிறகே வாணலியை வைக்க வேண்டும். இல்லையேல் விறகுப்புகையின் வாடை கொட்டையில் ஏறிவிடும்.

இறக்கிய கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். ஆகையால் இரும்புச் சல்லடையில் கொட்டி, விசிறியடியில் மூன்று நான்கு நிமிடங்களுக்குள் ஆற்றிவிட வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் சுளகில் இட்டுப் புடைத்தால் உரிந்த மெல்லிய தோல் பறந்துவிடும். இதற்கு மட்டும் நம் காற்று உதவுகிறது.

எடையால் கலப்பது ஏன்

டம்ளரால் அளந்து கலப்பது எளிதுபோல் தோன்றும், கணக்கு தவறிவிடும். கருவறுவல் அதிகம் உப்பியிருக்கும், எடையும் குறைந்திருக்கும். ஒரு டம்ளர் கருவறுவல், ஒரு டம்ளர் இளவறுவலைவிட எடையில் கணிசமாகக் குறைவு. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு இருந்தால் போதும்.

வறுக்கும்போது எடை குறைவதையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இளவறுவலில் சுமார் 12 விழுக்காடும், இரண்டாம் வெடிப்பின் தொடக்கத்தில் இறக்கிய கருவறுவலில் சுமார் 18 விழுக்காடும் குறைகிறது. 70க்கு 30 என்ற பங்கில் 300 கிராம் கலவை வேண்டுமென்றால் 210 கிராம் கருவறுவலும் 90 கிராம் இளவறுவலும் தேவை. அதற்குப் பச்சைக்கொட்டை முறையே 256 கிராமும் 102 கிராமும் வறுக்க வேண்டும். இந்த எடைக்குறைவே வறுவல் சரியாக வந்ததா என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வறுப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்து எழுதி வைத்தால், நிறத்தைப் பார்த்து ஏமாறும் வாய்ப்பு குறைகிறது. மங்கிய அதிகாலை வெளிச்சத்தில் கண் நம்மைப் பெரிதும் ஏமாற்றும்.

வறுத்த நாளிலேயே கலந்து அரைத்துவிடக் கூடாது. வறுத்த கொட்டை பல நாள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அது நிறைய இருக்கும்போது தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்காது. கருவறுவலின் திசு விரிந்திருப்பதால் வாயு விரைவில் வெளியேறி மூன்று நான்கு நாளில் பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. இறுகிய இளவறுவலுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ வேண்டும். எனவே இளவறுவலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுத்துவிட்டு, கருவறுவலை அடுத்த வியாழக்கிழமை வறுத்தால், அதற்கடுத்த ஞாயிறு வாக்கில் இரண்டும் ஒருசேரப் பக்குவமாகும்.

மூப்பும் இதேபோல் முன்பின்னாகவே வரும். எண்ணெய் மேலே வந்துவிட்ட கருவறுவல், வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரத்தில் விரைவாகக் கெட்டெண்ணெய் வாடை அடிக்கத் தொடங்கும். அந்த வேளையில் இளவறுவல் நல்ல நிலையிலேயே இருக்கும். கலந்து வைத்தால் ஒன்றின் கேடு மற்றதையும் தொற்றிக்கொள்ளும். இரண்டையும் தனித்தனிக் காற்றுப்புகா டப்பாக்களில் வைத்து, அரைக்கும்போது மட்டும் நிறுத்துக் கலக்க வேண்டும். கருவறுவலை இரண்டு வாரத்துக்கு மேல் காணும்படி வறுக்காமல் இருப்பது நல்லது. பச்சைக்கொட்டையையும் அக்கறையாக வைக்க வேண்டும். அது சுற்றியுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது, கருவாட்டுப் பானை இருக்கும் அறையில் அதற்கு இடம் கிடையாது. மங்களூருப் பக்கத்துக் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக்காற்றில் பரப்பி ஊறவைத்து எடுக்கும் மான்சூன்ட் மலபார் என்ற வகை உண்டே, நம் கடற்காற்றும் அப்படிச் செய்யாதா என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். அங்கே கொட்டையைப் பரப்பி, கிளறி, மூட்டை மாற்றி, வாரக்கணக்கில் பக்குவம் பார்க்கிறார்கள். இங்கே மூட்டையைச் சும்மா திறந்து வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.

அரைப்பும் வடிப்பும்

கலவை கெடும் இடம் பெரும்பாலும் மிக்ஸி. கருவறுவல் எளிதில் நொறுங்கி மாவாகிறது; இறுகிய இளவறுவல் குறுணையாக நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் மாவிலிருந்து கசப்பு மிகையாக இறங்கும், குறுணையிலிருந்து சாறு சரியாக இறங்காமல் வெறும் புளிப்பு மட்டும் வரும். கலவை நன்றாக இல்லை என்று பங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலருக்கும் உண்மையான குறை இதுவே. முதலில் இளவறுவலை மட்டும் போட்டுச் சில நொடிகள் விட்டு விட்டு ஓட்டி உடைத்துக்கொண்டு, பிறகு கருவறுவலைச் சேர்த்து அரைத்தால் தூள் ஏறக்குறைய ஒரே பதத்துக்கு வரும். கையால் சுற்றும் அரைப்பான் வைத்திருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியே அரைத்து, இளவறுவலை ஒரு படி நைசாக எடுத்துக்கொள்ளலாம். மிக்ஸியை விடாமல் ஓட்டினால் ஜார் சூடாகி மணம் போய்விடும்.

நம் பில்டரில் இன்னொரு இடர் இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்க 15, 20 நிமிடம் ஆவதால் அதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது. கருவறுவலுக்கு இது போதும். இளவறுவலுக்குச் சூடான தண்ணீர் தேவை. அதனால் பில்டரின் இரு பகுதிகளையும் முதலில் வெந்நீரால் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, கொதித்து இறக்கிய உடனேயே தண்ணீரை ஊற்ற வேண்டும். முதலில் தூள் நனையும் அளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, மீதியை ஊற்றினால் கருவறுவலில் எஞ்சியிருக்கும் வாயு வெளியேறித் தூள் சீராக நனையும்.

பங்கைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: இளவறுவலில் ஒரு டிகாக்‌ஷனும் கருவறுவலில் ஒரு டிகாக்‌ஷனும் தனித்தனியே இறக்கி, சிறு கிண்ணங்களில் கரண்டிக் கணக்கில் கலந்து சுவைப்பது. இரண்டு கரண்டிக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று மாற்றிப் பார்த்தால் ஒரே காலையில் விருப்பமான பங்கு பிடிபடும். தூளாகக் கலந்து வடிக்கும்போது சுவை சற்று மாறும் என்றாலும் தொடங்குவதற்கு இந்த அளவு போதுமானது. பாலோடு குடிப்பவர்கள் பால் சேர்த்தே சுவைக்க வேண்டும். கறுப்பாகச் சுவைத்து முடிவு செய்த பங்கு பாலில் பொய்த்துவிடும்.

தண்ணீரும் சிக்கரியும்

கடலோரக் கிணறுகளில் பலவற்றின் நீர் உவர்ப்பானது. சில வீடுகளில் காவிரிக் கூட்டுக் குடிநீர், சில வீடுகளில் லாரித் தண்ணீர், பல வீடுகளில் கேன் தண்ணீர். இவை மூன்றும் ஒரே தூளில் மூன்று விதமான காப்பியைத் தரும். கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு, காப்பியின் அமிலத்தை முறிப்பது. அதில் இறக்கினால் இளவறுவலின் புளிப்புத்தான் முதலில் காணாமல் போகும். கருவறுவலில் இழப்பு அவ்வளவாகத் தெரியாது. கலவையில் இளவறுவல் தெரியவே இல்லை என்று பங்கைக் கூட்டுவதற்கு முன், ஒருமுறை வேறு தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது பொருளை மிச்சப்படுத்தும். இதற்கு மாறாக, தாதுக்கள் ஏறக்குறைய முழுதும் நீக்கப்பட்ட கேன் தண்ணீரில் புளிப்பு கூர்மையாகவும் மொத்தச் சுவை வெறுமையாகவும் தோன்றலாம். அப்போது கேன் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொண்டால் சமன் கிடைக்கும்.

சிக்கரி, கலவையில் மூன்றாவது ஆளாக வருகிறது. அது காப்பிக்கொட்டை அல்ல. வேரை வறுத்துப் பொடித்தது, காஃபீன் இல்லாதது. கடையில் விற்கும் காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பொட்டலத்தின் மேல் பங்கு அச்சிடப்பட்டிருக்கும். நிறம், கனம், இனிப்பு கலந்த கசப்பு ஆகிய சிக்கரியின் வேலைகளைக் கருவறுவலும் செய்கிறது. இரண்டையும் தாராளமாகப் போட்டால் இளவறுவலுக்காகப் பட்ட பாடு வீண். வழக்கமாக 30 பங்கு சிக்கரி போடுபவர்கள் இந்தக் கலவைக்கு 10 பங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் சில முறைக்குச் சிக்கரியே இல்லாமல் இறக்கிப் பார்த்தால் எது எந்தச் சுவையைத் தருகிறது என்பது தெளிவாகும்.

திருத்தங்களைப் பொறுத்தவரை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புளிப்பு மிகையாகவும் காப்பி நீர்த்தும் இருந்தால் பங்கை மாற்றாமல் இளவறுவலை நைசாக அரைத்துப் பார்க்க வேண்டும். புளிப்பு மிகையாகவும் காப்பி கனமாகவும் இருந்தால் இளவறுவலின் பங்கை 5 குறைக்கலாம். கசப்பு தொண்டையில் நின்றால் கருவறுவலின் பங்கைக் குறைப்பதைவிட, அடுத்த ஈட்டை வழக்கத்தைவிட அரை நிமிடம் முன்னதாக இறக்குவது அதிகப் பயன் தரும். இரண்டு சுவைகளும் ஒன்றோடொன்று சேராமல், இரண்டு காப்பியை ஒரே டம்ளரில் ஊற்றியதுபோல் இருந்தால், வறுவல்களுக்கு இடையே உள்ள தொலைவு மிகுதி என்று பொருள். இளவறுவலை முதல் வெடிப்பு முழுதும் ஓய்ந்த பின் இன்னும் அரை நிமிடம் வைத்திருந்து இறக்கினால் அந்த இடைவெளி குறையும். அந்த ஈட்டைப் பழைய கருவறுவலோடு முன்பிருந்த அதே பங்கில் கலந்து ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே பங்கில் கைவைக்க வேண்டும்.